தயிர்ச் சட்டி உடையவில்லை

— அப்ப யானையின்ர நம்பர் பிளேட்டையும் நான்தான் கழட்டிக்கொண்டு வரோணுமோ, தம்பி இக்ராம்?

— மெடம், கோவிக்காதீங்க. இந்தப் படிவத்தில ‘எதிர்த்தரப்பு’ எண்டு ஒரு இடம் இரிக்கு. அதை வெறுமையா விட ஏலா. விட்டா கம்பியூட்டர் எடுக்காது. நான் சொல்லல்ல, இன்சூரன்ஸ் கொம்பனி சொல்லுது.

— உங்கட கொம்பனிக்குப் புத்தி இல்லாட்டியும் வாய் இருக்கு. போன கிழமை டெலிபோனில ஒரு பிள்ளை கேட்டாள், விபத்துக்குப் பிறகு யானை அந்த இடத்தில நிண்டதோ, விட்டிட்டுப் போனதோ எண்டு. நிண்டு பேர் விலாசம் தந்திட்டுத்தான் போனது, தம்பலகாமத்துக் குளத்தடியில விசாரியுங்கோ எண்டு சொன்னன். அவள் அதையும் எழுதினாள்.

— மச்சாள், அந்த மனிசன் வெயிலுக்கை வந்திருக்கிறார். பகிடியை விட்டிட்டு ஒரு பிளேன்டீ குடுங்கோவன்.

— பிளேன்டீ வரும், தண்ணி கொதிக்குது. தம்பி, இவர் ஆர் எண்டு நீங்கள் கேக்கேல்லையே.

— இவர எனக்கு மெடம்...

— தம்பிக்கு என்னைத் தெரியும் மச்சாள். எண்டாலும் சொல்லுறன், நான் றிக்சன். செத்துப்போன ஜக்சன் பஸ்தியாம்பிள்ளையின்ர கூடப்பிறந்த தம்பி. உள்துறைமுக வீதியில கராஜ் வைச்சிருக்கிறன், டிங்கரிங், பெயின்டிங். மச்சாள் தனிச்ச மனிசி, ஒரு ஆம்பிளைத் துணை வேணுமெல்லே, அதுதான் வந்தனான்.

— ஆம்பிளைத் துணை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு இண்டைக்குத்தான் அந்தத் துணைக்கு என்ர கேற் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சது.

— வேலை மச்சாள். கடவுளாணை வேலை.

— ஓம். இண்டைக்கு இன்சூரன்ஸ் ஆள் வாறார் எண்டு உனக்கு ஆர் சொன்னது? நான் சொல்லேல்லை.

— ஊருக்கை கதை வராதே?

— மான்தான் வந்து சொல்லியிருக்கும்.

— மான் எண்டதும்தான் மெடம், அங்க பாருங்க. கார் மேல போட்ட தார்ப்பாயை ரெண்டு மான் இழுக்குதுகள்.

— இழுக்கட்டும். இந்த டவுணில தெருவெல்லாம் மான், அதுகள் தின்னாத கடுதாசி இல்லை. நீங்கள் உங்கட படிவத்தைக் கவனமாப் பிடியுங்கோ. அதுகள் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நிக்காது.

— மெடம், எல்லாரும் அடிபட்ட காரைக் கராஜில விடுவாங்க. நீங்க என்னத்துக்கு வீட்டு வளவுக்குள்ள கொண்டு வந்தீங்க?

— பொலிஸ் காரை விட்ட அண்டே றிக்சன் ஒரு லொறியோட வந்து நிண்டான், தன்ர கராஜுக்கு ஏத்த. புதைச்ச குழியில மண் காயேல்லை, இவன் கயிறும் கொழுக்கியுமா நிக்கிறான். நான் லொறிக்காரனிட்டச் சொன்னன், கூலி நான் தாறன், ஓர்ஸ் ஹில்லுக்கு, என்ர வீட்டுக்கு விடு எண்டு. அண்டையில இருந்து இங்கதான் நிக்குது. பக்கத்து வீட்டு கஜந்தி நான் மண்டை கழண்டு போனன் எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரியிறாள்.

— நானும் உங்களுக்கு அலுப்பு வேண்டாம் எண்டுதான் மச்சாள்...

— தேத்தண்ணி இந்தா. சீனி தனியா இருக்கு. றிக்சன், மேசை விரிப்பில கை துடைக்காதை! கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து பாக்கிறன், நல்ல துணி ஒண்டு கண்டால் உனக்குக் கை துடைக்கோணும். சொல்லுங்கோ தம்பி. என்ன முடிவு?

— சுருக்கமாச் சொல்றேன் மெடம். கார் டோட்டல் லொஸ். திருத்த வாற செலவு, காரின்ட பெறுமதியோட பாத்தா கட்டாது. அதால கொம்பனி திருத்தக் காசு தராது. காருக்கே காசு தரும். விளங்குதா?

— கார் செத்துப்போச்சு எண்டு சொல்லுறீங்கள்.

— அப்பிடியும் சொல்லலாம்.

— அதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு நாள் எடுத்தது. எனக்கு ஆஸ்பத்திரி வாசலிலயே விளங்கினது. பிறகு?

— உங்களுக்கு ரெண்டு வழி இரிக்கு. ஒண்டு, அடிபட்ட காரையும் அதுட பதிவுப் புத்தகத்தையும் கொம்பனிட்டக் குடுத்திட்டு முழுக் காசையும் எடுக்கிறது. மத்தது, காரை நீங்களே வெச்சிக்கிறது. அப்பிடி வெச்சா, சல்வேஜ் பெறுமதியக் கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் தருவாங்க.

— சல்வேஜ் எண்டால்?

— இப்ப நிக்கிற நிலைமையில இதை ஆரும் வாங்கினா என்ன குடுப்பாங்களோ, அது.

— இந்த நெளிஞ்ச தகரத்துக்கோ?

— தகரத்துக்கு இல்ல மெடம். புத்தகத்துக்கும் நம்பருக்கும். கன வருசமா வெளிநாட்டுக் கார் இறக்க விடல்லதானே. இப்ப விட்டும் வரி தலைக்கு மேல. அதால அடிபட்ட கார் எண்டாலும் வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு, அதே நம்பரில ஓட விட்டிருவாங்க.

— நல்லது. மனிசன் செத்தால் ஒரு மரணச் சான்றிதழ். கார் செத்தால் புது லைசன்ஸ். ஆண்டவரே உயிர்க்க மூண்டாம் நாள் வரைக்கும் பொறுத்தவர். இவை பெயின்ட் காயிறதுக்கிடையில எழுப்பிப் போடுவினம்.

— மச்சாள், அது ஊர் உலகத்தில நடக்கிற தொழில். நானும் அதிலதானே சோறு தின்னுறன்.

— தெரியும். தின்னு. இந்தச் செத்த காருக்கு ஆர் ஆர் விலை சொன்னது தம்பி?

— எங்கட கிண்ணியா சரீப் நானா. அடிபட்ட வாகனம் எடுக்கிறதில பழம் தின்னு கொட்டை போட்டவர். அவர் ஏழு லட்சம் சொன்னாரு. கந்தளாய்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் அதுக்கும் குறைய. ஆகக் கூடின விலை பதினைஞ்சு லட்சம்.

— பதினைஞ்சோ? சரீப் போட்டதுக்கு இரட்டிப்பு? அப்ப சரீப்புக்குத் தொழில் தெரியாது, இல்லாட்டி மற்றவனுக்கு விசர்.

— அது மெடம்... ஆகக் கூடின விலை போட்டவர் இவர்தான்.

— எவர்?

— றிக்சன் அண்ணன். வந்து ஒருக்காக் காரைப் பாத்து உறுதி சொல்லோணும் எண்டு நான்தான் அவருக்குக் கோல் எடுத்தேன். மெடமுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சேன்.

— ஓ. அப்ப மான் சொல்லேல்லை.

— மச்சாள், நான் சொல்லத்தான் இருந்தனான்...

— வேலை. கடவுளாணை வேலை.

— அப்பிடி ஏன் கதைக்கிறீங்கள்? அண்ணன் ஆசைப்பட்டு ஓடின கார். வெளியாள் கைக்குப் போக எனக்கு மனம் வரேல்லை. ஒரு ஞாபகத்துக்கு எண்டுதான் விலையைப் பாக்காமல் போட்டனான்.

— ஞாபகம். அண்ணன் டெங்குக் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை, மோட்டச்சைக்கிள் விட நிழல் இல்லை எண்டு வாசலோட திரும்பிப் போன ஆள் நீ. இப்ப பதினைஞ்சு லட்சத்துக்கு ஞாபகம் முளைச்சிருக்கு. தண்ணி ஊத்தினது ஆர்?

— பழசைக் கிண்டாதேங்கோ. செத்த வீட்டில முன்னுக்கு நிண்டது ஆர்? பெட்டி எடுத்தது ஆர்? அண்ணனுக்குக் கோட்டுப் போட்டு அனுப்புவம், நான் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொன்னது ஆர்? நீங்கள்தான் ஒரு பழைய சேட்டைக் கொண்டு வந்து போட்டீங்கள்.

— பழைய சேட்டு இல்லை. எங்கட வெள்ளிவிழாவுக்குத் தைப்பிச்ச சேட்டு. அவர் அதை வருசத்துக்கு ஒருக்கா, பெருநாளுக்கு மட்டும்தான் போடுறவர். போட்டிட்டுத் தானே தோய்ச்சு நிழலில காயவிடுவார். எல்லாரும் சாமானை உன்னை மாதிரிப் பாவிக்கிறேல்லை.

— மெடம், நான் குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கோணும். எனக்கு இண்டைக்கு முடிவு சொல்லோணும். காரைக் குடுக்கிறீங்களா, வெச்சிக்கிறீங்களா?

— வைச்சால் கழிக்கிறது சரீப்பின்ர விலையையோ, இவன்ர விலையையோ?

— ஆகக் கூடினதைத்தான் கழிப்பாங்க.

— அப்ப என்ர புருசன்ர தம்பி பாசத்தில விலையைக் கூட்டக் கூட்ட, எனக்கு வாறது குறையும்.

— காரை வெச்சா மட்டும்தான் மெடம். குடுத்தா உங்களுக்கு முழுக் காசு.

— அதைத்தான் மச்சாள் நானும் சொல்லுறன்! முழுசா எடுங்கோ. வீட்டுக் கூரையைப் பாருங்கோ, மாரிக்கு நிக்காது. மகள் தினுஷாவுக்குக் கம்பஸ் படிப்பு முடிய இன்னும் எவ்வளவு இருக்கு? அண்ணன்ர பென்சனில அரைவாசிதான் உங்களுக்கு வரும். கையெழுத்தைப் போடுங்கோ, பின்னேரமே நான் காரை இழுக்கிறன்.

— என்ர கூரையில எத்தினை ஓட்டை எண்டு எனக்குத் தெரியும். வாளி வைக்கிறது நான். தம்பி, எழுதுங்கோ. நான் காரை வைச்சிருக்கிறன்.

— மெடம்?

— வைச்சிருக்கிறன்.

— மச்சாளுக்கு உண்மையாவே விசர்! பதினைஞ்சு லட்சத்தைக் கழிச்சு விட்டால் என்ன மிஞ்சும்? எதுக்கு? மான் மூத்திரம் பெய்யிறதுக்கோ? நீங்கள் தம்பி, எழுதாதேங்கோ. அவ கவலையில கதைக்கிறா.

— மெடம், யோசிங்க. என்னத்துக்கு இந்தக் காரு? ஓடவும் ஏலா, விக்கவும் மனம் இல்ல எண்டா...

— தம்பி, நீங்கள் என்ர புருசன் கார் ஓடிப் பாத்தீங்களோ?

— இல்ல மெடம்.

— முப்பது வருசம் துறைமுகத்தில இழுவைப் படகு ஓட்டின மனிசன். கப்பலை இழுக்கிற வேகத்திலதான் காரும் ஓடுவார். கிண்ணியாப் பாலத்தில ஆடு அவரை முந்திக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிண்டு திரும்பிப் பாக்கும். நான் பக்கத்தில இருந்து எத்தினை தரம் சொல்லியிருப்பன், இறங்கி நடக்கிறன், நீங்கள் பின்னால வாருங்கோ எண்டு. பெல்ட் போடாமல் சாவி திருப்ப மாட்டார். வாங்கின அண்டு ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிச்ச தண்ணி தெளிப்பிச்சார். சில்லுக்கும் தெளியுங்கோ ஃபாதர் எண்டு நாலு சில்லையும் சுத்திக் காட்டினவர்.

— அண்ணன் அப்பிடித்தான். பாவம்.

— நீ பொறு. அண்டைக்கு தினுஷா லீவில வாறாள் எண்டு தம்பலகாமத்துக்கு எருமைத் தயிர் வாங்கப் போனவர். திரும்பி வரேக்கை கண்டி றோட்டில யானை குறுக்க வந்தது. மெல்லத் திருப்பினார், மதகுக் கட்டில முட்டினார். அவ்வளவுதான் கதை. பின்னால வந்த டிராக்டர்காரன்தான் அவரை இறக்கினது. அந்த மனிசன் பேந்து ஆஸ்பத்திரிக்கு வந்து பின்சீற்றில இருந்த தயிர்ச் சட்டி ரெண்டையும் என்ர கையில தந்தான். ஒரு கீறல் இல்லை. மேல கட்டின கடுதாசி கிழியேல்லை. தயிர் ஆடேல்லை.

— சட்டிக்கு ஒண்டும் ஆகல்லயா மெடம்?

— சட்டி உடையாத இடியில மனிசன் எப்பிடி உடைஞ்சார் எண்டு நான் கேட்டன். ஒருத்தரும் சொல்லேல்லை. பொலிஸ் யானை எண்டினம். டொக்டர்மார் நெஞ்சில அடி எண்டினம். இவன் ஆண்டவற்ற சித்தம் எண்டான்.

— வேற என்னத்தைச் சொல்லுறது மச்சாள்?

— கொழும்பில இருந்து நீ இந்தக் காரை எங்களுக்கு வாங்கிக்கொண்டு வந்த அண்டு வேற ஒண்டு சொன்னாய். இந்தக் கதிரையில இருந்து, இதே மாதிரித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு. ஞாபகமோ? உனக்குத்தான் ஞாபகம் கூட எல்லே.

— என்ன சொன்னனான்?

— ஸ்டியரிங்குக்குள்ள எயார்பேக் இருக்கு, எங்க முட்டினாலும் காத்துப் பை வந்து நெஞ்சைத் தாங்கும், மாதா மடியில விழுந்த மாதிரி இருக்கும் எண்டு. அவருக்கு அதுதான் பிடிச்சது. போற வாற சனத்துக்கெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டிக் காட்டுவார். இதுக்குள்ள மாதா மடி இருக்கு எண்டு.

— கொழும்பில வித்தவன் எனக்குச் சொன்னான், நான் உங்களுக்குச் சொன்னனான். அது வேலை செய்யேல்லை எண்டால் நான் என்ன செய்ய?

— தம்பி இக்ராம், எயார்பேக் திறந்ததோ?

— திறக்கல்ல மெடம்.

— அதை நீங்கள் எப்ப கண்டீங்கள்?

— முதல் நாள் படம் எடுக்க வரக்குள்ளயே கண்டேன்.

— கண்டும் எழுதேல்லை.

— என்ட வேலை பெறுமதி பாக்கிறது மட்டும்தான் மெடம். ஏன் திறக்கல்ல எண்டு பாக்கிறது என்ட...

— ஓம். உங்கட கடுதாசியில யானைக்கு இடம் இருக்கு. அதுக்கு இடமில்லை. எழும்புங்கோ. தேத்தண்ணியைக் கையில எடுங்கோ. காரடிக்குப் போவம்.

— இந்த வெயிலுக்கையோ? மச்சாள், அதைத் திருப்பித் திருப்பிப் பாத்து என்ன வரப்போகுது? பாத்தால் இன்னும் கவலைதான் கூடும்.

— காரை வெச்சிக்கிறதெண்டா அண்ணன், நான் எல்லாச் சாமானும் இரிக்கா எண்டு பாத்துத்தான் எழுதோணும். வாங்க.

— சூ! சூ! போ அங்கால! இந்த மான்களுக்கு என்ர ஒரு ரோசா மரம் காணாது, தார்ப்பாயும் வேணும். றிக்சன், அந்தப் பக்கத்தைப் பிடிச்சு இழு. ஏன் நிக்கிறாய்? ஞாபகத்துக்கு வாங்க வந்த ஆள்தானே, கிட்ட வந்து பாரன்.

— இழுக்கிறன், இழுக்கிறன்.

— முன்பக்கம் முழுக்க மடிஞ்சு போச்சு மெடம். அதாலதான் ஸ்டியரிங் பின்னால தள்ளி வந்திரிக்கு... இதென்ன? ஸ்டியரிங் நடு மூடியை ஆர் கழட்டினது? நான் வந்த அண்டு இது பூட்டினபடி இரிந்துச்சே.

— நான்தான். தேங்காய் கிளப்பிற கத்தியால.

— மச்சாள்! உதையெல்லாம் தொடக் கூடாது! இன்சூரன்ஸ் முடியிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?

— தெரியாது. எனக்கு ஆம்பிளைத் துணை இல்லையே சொல்லித் தர. தம்பி, உள்ளுக்கை பாருங்கோ. நான் கண்டதை அப்பிடியே விட்டிருக்கிறன்.

— அல்லாஹ்.

— என்ன தம்பி?

— எயார்பேக் இல்ல. துணி. துணியத் திணிச்சு வெச்சிரிக்கு.

— எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது. நான் படிக்காத விசயம், பிழையாய் இருக்கும் எண்டு நினைச்சன். துணியும் ஒரு வகைக் காத்துப் பையோ?

— இல்ல மெடம். இந்தக் கார் முந்தியே ஒருக்கா நல்லா அடிபட்டிரிக்கு. அப்ப எயார்பேக் வெடிச்சிரிக்கு. அது ஒருக்கா வெடிச்சா மாத்தத்தான் வேணும். மாத்த விலை கூட. அதால வெடிச்சதை வெட்டி எறிஞ்சிட்டு, மூடி பள்ளம் விழாம இரிக்கத் துணியத் திணிச்சு, மேல ஒட்டிரிக்காங்க. எச்சரிக்கை லைட் எரியாம வயரையும் மாத்திரிப்பாங்க. இந்தா, முன் சேசிச் சட்டத்தையும் பாருங்க, வெட்டி ஒட்டின தழும்பு. பெயின்ட் உரிஞ்சதால இப்ப தெரியுது. அதுதான் சின்ன முட்டுக்கே இப்பிடி மடிஞ்சிரிக்கு.

— அப்ப யானை தன்ர பாட்டில போச்சுது.

— யானையில பிழை இல்ல மெடம்.

— அந்த ‘எதிர்த்தரப்பு’ எண்ட இடத்தை இன்னும் நிரப்பேல்லைத்தானே?

— இல்ல.

— வைச்சிருங்கோ.

— கொழும்புக் கள்ளர்! மச்சாள், இதுதான் கொழும்பான்! தகப்பனையே பெயின்ட் அடிச்சு விப்பான். மாதாவே, என்ர அண்ணனைச் சாகடிச்சுப் போட்டாங்களே! நான் நம்பி வாங்கினனே!

— வாங்கேக்கை நீ திறந்து பாக்கேல்லையோ? பெரிய மெக்கானிக் பாஸ் எண்டு ஊரெல்லாம் போர்ட் மாட்டியிருக்கிறாய்.

— ஒரு நட்டும் கழட்டேல்லை. அவன் தந்த மாதிரியே ஓடிக்கொண்டு வந்து, கழுவி, இந்த வாசலில நிப்பாட்டினனான். மாதா மேல ஆணை.

— மாதாவை நீ எத்தினை வேலைக்குத்தான் வைச்சிருக்கிறாய். சரி, அந்தக் கொழும்பானைக் கண்டால் என்ன செய்வாய்?

— கையை முறிப்பன். பொலிசுக்கும் போக மாட்டன். கையை முறிச்சுப் போட்டுத்தான் மற்ற வேலை.

— எந்தக் கையை?

— என்ன?

— ரெண்டு கை இருக்கெல்லே அவனுக்கு. எந்தக் கையை?

— இது திணிச்ச கையைத்தான் மச்சாள். வலக் கையை.

— நல்லது. தேத்தண்ணிக் கோப்பையை நேராப் பிடி, ஊத்துது.

— மெடம், ஒரு சிக்கல் இரிக்கு. இதைக் கண்ட பிறகு நான் எழுதாம விட ஏலா. முந்தியே அடிபட்ட காரு எண்டு குடும்பத்தில ஆருக்கும் தெரிஞ்சிரிந்து, மறைச்சு இன்சூரன்ஸ் போட்டிரிந்தா, கொம்பனி ஒரு சதமும் தராது. தெரியாம ஏமாந்து வாங்கினதெண்டா தரும். இந்த இன்சூரன்ஸ் பொலிசிக்குக் காரைக் கொண்டு வந்து காட்டினது ஆரு?

— நான்தான் தம்பி. அண்ணனுக்கு உந்த ஒபிஸ் வேலை ஓடாது, எல்லாம் நான்தான் செய்து குடுத்தனான். அதிலென்ன? எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. எழுதுங்கோ. கொழும்பில ஏமாந்து வாங்கினது எண்டு எழுதுங்கோ.

— மெடம் சொல்லோணும்.

— அவவும் அதைத்தான் சொல்லுவா. மச்சாள், கேளுங்கோ, கோவத்தை ஒரு பக்கம் வையுங்கோ. இப்ப ஒரு வாய் பிழைச்சால் எல்லாம் போச்சு. கூரையும் போச்சு, பிள்ளையின்ர படிப்பும் போச்சு. தெரியாது எண்டு ஒரு சொல்லு. காரை வைச்சிருக்கிறதெண்டாலும் வைச்சிருங்கோ, நான் என்ர விலையை வாபஸ் எடுக்கிறன். சரீப்பின்ர ஏழை மட்டும் கழிக்கட்டும். பாருங்கோ, எவ்வளவு லாபம் உங்களுக்கு.

— ஞாபகம் வேண்டாமோ உனக்கு?

— எனக்கு என்னத்துக்கு? உங்களுக்கு நல்லது நடந்தால் காணும். தம்பி, அந்த ஊத்தைத் துணியை இங்க தாங்கோ, உங்கட கையெல்லாம் ஒயில். நான் கொண்டுபோய்க் குப்பையில போடுறன்.

— அவரிட்டையே இருக்கட்டும். முழுசா வெளிய எடுங்கோ தம்பி. விரிச்சுப் பாருங்கோ. எனக்கு இந்த வெளிச்சத்தில கண் கூசுது. என்ன நிறம் அது?

— கறுத்துப் போய் இரிக்கு மெடம்... நீலம். கடல்நீலம். உள்மடிப்பில நல்லாத் தெரியுது. சின்னச் சின்ன வெள்ளை நங்கூரம் போட்டிரிக்கு. ஒரு ஓரத்தில பொத்தான் ஓட்டை. பழைய சேட்டுத் துண்டு போல.

— கொழும்பில நங்கூரச் சேட்டு ஆயிரம் பேர் போடுவான்.

— போடுவான்.

— அப்ப நான் எழுதவா மெடம்? ‘கார் முன்னர் விபத்துக்குள்ளானது குடும்பத்தவர் எவருக்கும் தெரியாது’ எண்டு. இதில நீங்க ஓம் எண்டு சொன்னாத்தான் காசு வரும். சரிதானே?

— மச்சாள், ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லு. உங்களைக் கும்பிடுறன்.

— எழுதுங்கோ தம்பி, நான் சொல்லுறதை எழுதுங்கோ. எங்கட வெள்ளிவிழாவுக்கு நஸ்ரியா கடையில அந்த நங்கூரத் துணி ரெண்டு சேட்டுக்குத்தான் மிச்சம் இருந்தது, அண்ணனுக்கு ஒண்டு, இந்தத் தம்பி றிக்சனுக்கு ஒண்டு தைப்பிச்சன். அண்ணன்ர சேட்டை அவருக்குப் போட்டுத்தான் பெட்டியை மூடினனான்.